உடம்பில் இல்லாதது பையில்

2022 ஜூனில் நடந்த ஓர் ஏலத்தில், உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு பழைய கேமரா 1 கோடியே 44 லட்சம் யூரோவுக்கு விலைபோனது. லைக்காவை வடிவமைத்த ஆஸ்கர் பர்னாக் தன் கையில் வைத்திருந்த கேமரா அது. வியூஃபைண்டரின் மேல் அவர் பெயர் பொறித்திருக்கிறது. 1923 வாக்கில் சோதனைக்காகச் செய்த ‘ஜீரோ வரிசை’யில் 105ஆம் எண். அந்த வரிசைக் கேமராக்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. ஃபிலிமைச் சுற்றி ஷட்டரை இழுக்கும்போது ஷட்டர் திரையின் இடைவெளி மூடிக்கொள்ளாது. லென்ஸ் திறந்திருந்தால் வெளிச்சம் உள்ளே புகுந்து படம் பாழாகும். ஆகவே ஒவ்வொரு படத்துக்கும் லென்ஸை மூடு, சுற்று, திற, எடு. மூடி தொலைந்துவிடாதபடி அதைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். இன்றைக்கு விற்பனையாளர் இலவசமாகத் தள்ளிவிடும் லென்ஸ் மூடிதான் லைக்காவின் முதல் அத்தியாவசியத் துணைக்கருவி.

விலை உயர்ந்த ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா ஒன்றை வாங்கியவருக்கு அடுத்த நாளே வரும் கேள்வி, இதோடு வேறென்ன வாங்கவேண்டும் என்பது. அதற்கான பதில் நூறு ஆண்டுகளாக மாறிக்கொண்டே வந்திருக்கிறது. மாற்றங்களுக்குப் பின்னால் ஒரே கணக்குதான். கேமராவின் உடம்பில் எது இல்லையோ அது பைக்குள் வரும். உடம்பு அதை விழுங்கிக்கொண்டதும் பையிலிருந்து போய்விடும்.

1925இல் லைப்சிக் வசந்தச் சந்தையில் முதல் லைக்கா விற்பனைக்கு வந்தபோது அதில் தூரத்தை அளந்து காட்டும் ரேஞ்ச்ஃபைண்டரே கிடையாது. அதைச் செய்த வெட்ஸ்லர் நகரத்து எர்ன்ஸ்ட் லைட்ஸ் நிறுவனம் நுண்ணோக்கி செய்து பேர் வாங்கிய இடம். மாக்ஸ் பெரெக் கணக்கிட்ட 50 மில்லிமீட்டர் லென்ஸ் அருமையானதுதான். ஆனால் எதிரில் நிற்பவர் எத்தனை மீட்டர் தள்ளி நிற்கிறார் என்பதைக் கண்ணளவில் குறிவைத்துத்தான் ஃபோகஸ் செய்யவேண்டும். நல்ல வெயிலில் இந்த ஊகம் பலிக்கும், வீட்டுக்குள் பலிக்காது.

ஊகத்தில் நம்பிக்கை இல்லாதவர்களுக்காக லைட்ஸ் ‘ஃபோடிஸ்’ என்ற கருவியை விற்றது. கேமராவின் தலையில் இருந்த சிறு உலோகத் தடத்தில், புகைப்படக்காரர்கள் ‘ஷூ’ என்று சொல்லும் இடத்தில், அதைச் செருகிக்கொள்வார்கள். உள்ளே பார்த்தால் எதிரில் நிற்பவரின் உருவம் இரண்டாகத் தெரியும். சக்கரத்தைத் திருகித் திருகி இரண்டையும் ஒன்றாக்கிவிட்டு, சக்கரத்தில் எத்தனை மீட்டர் என்று படித்து, அதே எண்ணை லென்ஸில் வைக்கவேண்டும். அதன் பிறகு வியூஃபைண்டருக்குக் கண்ணை நகர்த்திப் படத்தை எடுக்கவேண்டும். இதற்குள் குழந்தை ஓடியிருக்கும்.

1932இல் வந்த லைக்கா இரண்டாம் மாடலில் ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவுக்குள்ளேயே குடியேறியது. லென்ஸைத் திருகினால் உருவங்கள் சேரும்; சேர்ந்தால் ஃபோகஸ் சரி. ஃபோடிஸுக்கு வேலை போயிற்று. அது உட்கார்ந்திருந்த ஷூ மட்டும் காலியாக நின்றது. காலியான இடத்துக்கு ஆள் வரத் தாமதமாகவில்லை.

முப்பதுகளின் லைட்ஸ் விலைப்பட்டியலைப் புரட்டினால் கேமரா சில பக்கங்களில் முடிந்துவிடும், துணைக்கருவிகள் முடிவதில்லை. ஒவ்வொன்றுக்கும் ஐந்தெழுத்துத் தந்திச் சங்கேதம். தந்தியில் சொல்லுக்குச் சொல் காசு என்பதால், வெளிநாட்டு விற்பனையாளர் நீண்ட விவரம் எழுதாமல் ஒரே சொல்லில் சரக்கை வரவழைக்க இந்த ஏற்பாடு. ‘விடோம்’ பல லென்ஸ்களுக்கும் பொதுவான தனி வியூஃபைண்டர். காட்சியை இடவலம் மாற்றிக் காட்டும். ‘ப்ளூட்’ நீண்ட லென்ஸ்கள் காட்டுவதைக் கண்ணாடியில் பிரதிபலித்துக் காட்டும் பெட்டி. ‘மூலி’ சாவி கொடுத்த கடிகாரம்போல் சுருள்வில்லில் ஓடி ஃபிலிமைச் சுற்றும் மோட்டார். ‘ஆப்லோன்’ வெறும் உலோகத் தகடு. ஆனாலும் பலரைக் காப்பாற்றியது அதுதான். பழைய லைக்காக்களில் ஃபிலிமை அடிப்பக்கத்திலிருந்துதான் சொருகவேண்டும். நுனியை நீளமாகவும் ஒடுக்கமாகவும் வெட்டாவிட்டால் உள்ளே சிக்கும். அந்த வெட்டுக்கு அச்சு ஆப்லோன்.

எல்லாமே கச்சிதமாக இருந்தன என்று சொல்லிவிட முடியாது. 50 மில்லிமீட்டர் எல்மார் லென்ஸின் துளையைப் பெரிதாக்கச் சிறிதாக்க முன்முகத்தில் குன்றிமணி அளவுக்கு ஒரு நெம்பு உண்டு. பக்கவாட்டு வெளிச்சத்தைத் தடுக்க ‘ஃபைசன்’ ஹூடை மாட்டினால் அந்த நெம்பு ஹூடுக்குள் ஒளிந்துகொள்ளும். வெளிச்சம் மாறும்போதெல்லாம் ஹூடைக் கழற்றி மாட்டு. லைட்ஸ் இதற்கும் ‘வாலூ’ என்று இன்னொரு ஹூடைச் செய்து விற்றது. அதன் வெளிவளையத்தைத் திருகினால் உள்ளே துளை மாறும். ஒரு துணைக்கருவி செய்த தொல்லையைத் தீர்க்க மற்றொரு துணைக்கருவி என்ற வியாபார நுட்பம் இன்றைய செல்பேசிக் கம்பெனிகளின் கண்டுபிடிப்பில்லை.

ரேஞ்ச்ஃபைண்டரின் அடிப்படைக் குணம் இங்கேதான் வருகிறது. படம் பிடிப்பது லென்ஸ் வழியாக, பார்ப்பது பக்கத்து ஜன்னல் வழியாக. மூடியைக் கழற்ற மறந்தாலும் ஜன்னலில் உலகம் பளிச்சென்று தெரியும். சுருள் முழுக்க இருட்டு விழுந்த பிறகுதான் விஷயம் புரியும். மூடி வேண்டாம் என்று தூக்கிப் போடவும் முடியாது. ஷட்டர் ரப்பர் பூசிய துணி. லென்ஸ் சூரியனைப் பார்த்தபடி கேமராவை வைத்துவிட்டால், பூதக்கண்ணாடியில் காகிதம் கருகுவதுபோல் துணியில் ஓட்டை விழும். ஹூடும் பெரிதாக இருந்தால் ஜன்னலின் ஒரு மூலையை மறைக்கும். அதனால்தான் லைக்கா ஹூடுகள் பலவற்றில் பக்கச் சுவரை வெட்டிச் சாளரம் வைத்தார்கள், அதன் வழியே மறைந்த மூலை தெரியட்டும் என்று. அழகுக்காகச் செய்தது என்று நினைத்து அதை வாங்குபவர்கள் உண்டு.

பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஆன்றி கார்த்தியே-ப்ரெஸ்ஸோன் 1932இல் மார்செய்யில் லைக்காவை வாங்கியவர். துணைக்கருவிகளில் அவர் சிக்கனக்காரர். பெரும்பாலும் ஒரே 50 மில்லிமீட்டர் லென்ஸ். கேமராவின் பளபளப்பு யார் கண்ணையும் இழுக்காதிருக்கக் கறுப்பு டேப். 1950 ஏப்ரலில் ரமண மகரிஷியின் கடைசி நாட்களில் திருவண்ணாமலையில் இருந்து படம் எடுத்தவர் இவர்தான். வெட்ஸ்லரின் தடித்த விலைப்பட்டியலுக்கு அந்தக் கறுப்பு டேப்பைவிட நல்ல மறுமொழி கிடையாது.

1954இல் வந்த லைக்கா எம்3, பையின் பாதிச் சுமையை ஒரே விழுங்கில் விழுங்கியது. 50, 90, 135 மில்லிமீட்டர் லென்ஸ்களுக்கான, படத்தின் எல்லையைக் காட்டும் சட்டங்கள் ஜன்னலுக்குள்ளேயே ஒளிர்ந்தன. 35 மில்லிமீட்டருக்குச் சட்டம் இல்லை. அதற்காக லென்ஸின் தலையிலேயே மூக்குக்கண்ணாடி வைத்த ஒரு வகை வந்தது. 21 மில்லிமீட்டருக்குத் தனி வியூஃபைண்டர் தேவை. ஒளிமானியும் உள்ளே கிடையாது. ஷூவில் செருகினால் ஷட்டர் வேகச் சக்கரத்தோடு இணைந்து சுழலும் ஒளிமானியைத் தனியாக வாங்கவேண்டும். அதைச் செருகினால் 21க்கான வியூஃபைண்டருக்கு இடமில்லை. இந்த இடச்சண்டை இன்றும் ஓயவில்லை. லைக்காவின் ஒளிமானி 1971இல் எம்5இன் உடலுக்குள் போனது. 1984இல் எம்6இல் நிலைத்தது. ஆனால் 2014இல் ஒளிமானியும் பேட்டரியும் இல்லாத எம்-ஏ வெளிவந்தது. அதை வாங்குகிறவரின் பட்டியலில் 1954ஐப் போலவே ஒளிமானி முதலிடத்தில்.

விழுங்கியதைத் துப்பிய கதை 2006இல் நடந்தது. லைக்காவின் முதல் டிஜிட்டல் ரேஞ்ச்ஃபைண்டரான எம்8இல் சில கறுப்புச் செயற்கைத் துணிகள் ஊதா நிறத்தில் விழுந்தன. காரணம் உடலமைப்பிலேயே இருந்தது. எம் கேமராவில் லென்ஸ் பொருந்தும் வளையத்திலிருந்து படத்தளத்துக்கு 27.8 மில்லிமீட்டர்தான். அகலக்கோண லென்ஸ்களின் கதிர்கள் ஓரங்களில் மிகச் சாய்வாக வந்து விழும். சென்சாருக்கு முன்னால் தடித்த கண்ணாடி வைத்தால் ஓரங்கள் கெடும். மெல்லிய கண்ணாடி வைத்தார்கள். அகச்சிவப்புக் கதிர்கள் தப்பி உள்ளே வந்தன. கடைசியில் அவற்றைத் தடுக்கும் ஃபில்ட்டரை லென்ஸின் முன்னால் மாட்டச் சொல்லி, எம்8 வாங்கியவர்களுக்கு இரண்டு ஃபில்ட்டர்களை நிறுவனமே இலவசமாகக் கொடுத்தது. லென்ஸைப் பாதுகாக்க ஃபில்ட்டர் தேவையா என்று புகைப்படக்காரர்கள் முடிவில்லாமல் வாதிடுவார்கள். எம்8காரர்களுக்கு அந்த வாதத்துக்கே இடமில்லாமல் போயிற்று.

டிஜிட்டலில் ஃபிலிம் சுற்றும் நெம்பு மறைந்தது. வலது கட்டைவிரல் அரை நூற்றாண்டாகப் பற்றிக்கொண்டிருந்த பிடி அது. அந்த வெற்றிடத்தில் பிறந்ததுதான் ஷூவில் செருகும் கட்டைவிரல் தாங்கி. பலர் நகை என்று நினைக்கும் இந்தச் சிறு உலோகத் துண்டு பயனுள்ளது. ஆனால் அதுவும் ஷூவையே பிடித்துக்கொள்ளும், எலக்ட்ரானிக் வியூஃபைண்டருக்கு இடம் தராது. நினைவக அட்டையும் பேட்டரியும் மாற்ற அடித்தகட்டைக் கழற்றும் பழைய வழக்கத்தை 2022இல் வந்த எம்11 ஒழித்தது. 64 ஜிபி நினைவகம் உள்ளேயே இருப்பதால் அவசரத்துக்கு அட்டைகூட வேண்டாம். இன்று ஒருவர் முதலில் வாங்கவேண்டியவை இரண்டாவது பேட்டரியும், லென்ஸுக்கு ஏற்ற ஹூடும், கண் பார்வைக் குறை இருந்தால் ஜன்னலில் திருகும் திருத்தக் கண்ணாடியும்தான். மூக்குக்கண்ணாடியோடு ரேஞ்ச்ஃபைண்டரில் அகலக்கோணச் சட்டத்தின் ஓரத்தைத் தேடியவர்களுக்குக் கடைசியாகச் சொன்னதன் அருமை தெரியும். சென்னை போன்ற கடலோர ஊராக இருந்தால் ஈரம் உறிஞ்சும் பெட்டியும் சேரும். லென்ஸில் பூஞ்சை பிடித்தால் சுத்தம் செய்யும் செலவு பெட்டியின் விலையைத் தாண்டிவிடும்.

2025 அக்டோபரில் லைக்கா எம் வரிசையில் ‘ஈவி1’ என்ற கேமராவை வெளியிட்டது. அதுவரை ஷூவில் செருகிவந்த எலக்ட்ரானிக் வியூஃபைண்டர் அதில் உடலுக்குள் இருக்கிறது. 1932இல் உள்ளே வந்த ரேஞ்ச்ஃபைண்டர் இல்லை. ஆனால் இந்தக் கேமராவிலும் பழைய எம் லென்ஸ்கள் பொருந்தும். ஐம்பதுகளின் 50 மில்லிமீட்டர் சம்மிக்ரான் லென்ஸுக்கு வாங்கிய 39 மில்லிமீட்டர் மஞ்சள் ஃபில்ட்டர் யார் வீட்டு அலமாரியிலாவது கிடந்தால், இன்று விற்கும் 50 மில்லிமீட்டர் சம்மிக்ரானிலும் அதை அப்படியே திருகி மாட்டலாம்.