ஈத் சீரோ: ஒரு வாசலின் வரலாறு

இணையம் வரவில்லை என்றால் நம் வயதுக்காரர்கள் ரௌட்டரை அணைத்துப் போடுவோம். அதற்கும் மசியவில்லை என்றால் பேரனைக் கூப்பிடுவோம். பேரன் ஓ.எம்.ஆரில் ஏதோ ஒரு கம்பெனியில் இருப்பான். "ஞாயித்துக்கிழமை வர்றேன் தாத்தா" என்பான். அதுவரை கணினி மேல் துணி போர்த்திக் கிடக்கும். கணினிக்கும் கம்பிக்கும் நடுவில் ஒரு வாசல் இருக்கிறது. அதைப் பற்றி இரண்டு மூன்று விஷயம் தெரிந்தால் பாதி நேரம் ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருக்க வேண்டாம். அந்த வாசலுக்கு நெட்வொர்க் இன்டர்ஃபேஸ் என்று பெயர். கலைச்சொல் அகராதியில் வலையமைப்பு இடைமுகம் என்று இருக்கிறது. எனக்கென்னவோ வாசல் என்று சொல்வதே பிடித்திருக்கிறது.

லினக்ஸ் கணினியில் இந்த வாசல் எப்படித் திறக்கிறது, அந்த முறை எங்கிருந்து வந்தது, நம் அரசு அலுவலகங்களுக்குள் எப்படி நுழைந்தது என்று எழுதப் போகிறேன். குமாஸ்தாவாக முப்பத்தைந்து வருடம் தபாலோடு மல்லுக்கட்டியவனுக்கு இதில் புரியாதது ஒன்றும் இல்லை என்பது போகப் போகத் தெரியும்.

கதையை அமெரிக்காவிலிருந்து ஆரம்பிப்பதுதான் வழக்கம். நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். ஆகவே பிரான்சிலிருந்து ஆரம்பிக்கிறேன். இது ஊர்ப்பாசம் மட்டும் அல்ல, நியாயமும் அதுதான். லூயி பூஸான் என்று ஒரு பொறியாளர். 1960-களில் அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் வேலை பார்த்தபோது, கட்டளைகளை வரிசையாக எழுதி வைத்துக் கணினியை ஓட்டும் முறை ஒன்றைச் செய்தார். அப்படிக் கட்டளை வாங்கிக்கொள்ளும் நிரலுக்கு 'ஷெல்' என்று பெயர் வைத்தவரும் அவரே. இன்றைக்கு லினக்ஸில் கறுப்புத் திரையைத் திறந்து நாம் தட்டச்சு செய்கிறோமே, அது ஷெல்தான்.

நாடு திரும்பிய பூஸான், 1970-களின் தொடக்கத்தில் பிரெஞ்சு அரசின் கணினி ஆய்வு நிறுவனத்தில் 'சிக்லாத்' என்ற வலையமைப்பை உருவாக்கினார். 1973 நவம்பரில் அதைச் செயல்படுத்திக் காட்டினார்கள். தகவலைச் சிறு சிறு பொட்டலங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றின் மேலும் முழு முகவரி எழுதி அனுப்பிவிடுவது. நடுவில் இருப்பவன் தள்ளிவிட்டால் போதும். எல்லாம் வந்து சேர்ந்ததா என்று பார்ப்பது இரு முனையிலும் உள்ள கணினிகளின் பொறுப்பு. அந்தப் பொட்டலத்துக்கு 'தாத்தாகிராம்' என்று பெயர். ஆங்கிலத்தில் டேட்டாகிராம்.

பொட்டலங்களைச் சுமந்த பகுதிக்கு 'சிகால்' என்று பெயர் வைத்தார்கள். சிகால் என்றால் சில்வண்டு. பொட்டலம் கடக்கும்போது சில்வண்டு போலச் சத்தம் வர ஒரு ஒலிபெருக்கியையும் மாட்டி வைத்திருந்தார்களாம். லா ஃபோந்தேனின் சில்வண்டும் எறும்பும் கதையை மனப்பாடமாக ஒப்பித்து வளர்ந்த எங்களைப் போன்றவர்களுக்கு இதில் ஒரு தனி சந்தோஷம்.

பிரெஞ்சு தபால் தந்தித் துறைக்கு இது பிடிக்கவில்லை. டெலிபோன் போல முதலிலேயே பாதையை உறுதி செய்துவிட்டுத்தான் தகவல் போகவேண்டும் என்பது அவர்கள் கட்சி. பணத்தை நிறுத்தினார்கள். 1981-இல் சிக்லாத் மூடப்பட்டது. ஆனால் அந்த யோசனை கடல் தாண்டிவிட்டது. வின்ட் செர்ஃபும் பாப் கானும் 1974-இல் இணைய நெறிமுறை பற்றி எழுதிய கட்டுரைக்கு பூஸானின் குழு கைகொடுத்திருந்தது. அவருடைய சகா ஜெரார் லெ லான் ஸ்டான்ஃபோர்டுக்கே போய் செர்ஃபுடன் வேலை செய்தவர். துறை கைவிட்ட மனிதருக்கு 2013-இல் இங்கிலாந்தில் எலிசபெத் மகாராணி பெயரிலான பொறியியல் பரிசு, செர்ஃப், கான் முதலியோருடன் சேர்த்துக் கொடுக்கப்பட்டது. நாற்பது வருடம் கழித்து. கோப்பு நகர்வது எல்லா நாட்டிலும் ஒரே வேகம்தான் போலிருக்கிறது.

1983 ஜனவரி 1-ஆம் தேதி அமெரிக்க ஆர்பாநெட் முழுவதும் டிசிபி/ஐபி முறைக்கு மாறியது. அதே ஆண்டு கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகம் வெளியிட்ட யூனிக்ஸ் பதிப்பில் 'ஐஎஃப்கான்ஃபிக்' என்று ஒரு கட்டளை வந்தது. இன்டர்ஃபேஸ் கான்ஃபிகரேஷன் என்பதன் சுருக்கம். வாசலுக்கு முகவரி எழுதுவது, திறப்பது, மூடுவது, மூன்றும் அதன் வேலை. 1991-இல் ஃபின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை எழுத ஆரம்பித்தார். அடுத்த வருடமே ராஸ் பைரோ என்பவர் அதில் வலையமைப்பு நிரலைச் சேர்த்தார். பிறகு ஃபிரெட் வான் கெம்பன், ஆலன் காக்ஸ் என்று பலர் கைவைத்தார்கள். பெர்க்லி கட்டளை அதே பெயரோடு லினக்ஸுக்கும் வந்து சேர்ந்தது.

முதல் கம்பி வாசலுக்கு ஈத்0, அதாவது ஈத் சீரோ என்று பெயர். இரண்டாவது ஈத் ஒன்று. இந்த 'ஈத்', ஈதர்நெட் என்பதன் தலை. 1973-இல் பாப் மெட்காஃப் ஈதர்நெட்டுக்குப் பெயர் வைத்தபோது, ஒளியைச் சுமந்து விண்வெளி முழுக்கப் பரவியிருப்பதாகப் பழைய விஞ்ஞானிகள் நம்பிய ஈதரை நினைத்தே வைத்தார். அப்படி ஒன்று இல்லை என்று எப்போதோ தள்ளிவிட்டார்கள், பெயர் மட்டும் நிற்கிறது. முருகன் ஆகாயத்தில் போர் செய்த தலம் என்று சொல்லப்படும் திருப்போரூரில் உட்கார்ந்துகொண்டு இதை எழுதும்போது சிரிப்பு வருகிறது. வைஃபை வந்தபிறகு எங்கள் ஊரில் எல்லாப் போரும் ஆகாயத்தில்தான் நடக்கிறது.

இனி தபால் பிரிவுக்கு வருவோம். வாசல் திறந்து வேலை செய்ய மூன்று விஷயம் வேண்டும். முதலாவது அந்த வாசலின் முகவரி, 192.168.1.10 என்பது போல. இரண்டாவது நெட்மாஸ்க். வந்த கடிதம் இதே கட்டிடத்துக்கா, வெளியூருக்கா என்று பிரித்துச் சொல்வது அது. மூன்றாவது கேட்வே. வெளியூர்த் தபால் எல்லாவற்றையும் எந்த ஜன்னலில் கொடுக்கவேண்டும் என்பது. இவை போக, பெயரைச் சொன்னால் முகவரியைத் தேடிச் சொல்ல டி.என்.எஸ். என்ற டெலிபோன் டைரக்டரி. அவ்வளவுதான். எல்லா லினக்ஸ் கணினியிலும் 'லோ' என்ற இன்னொரு வாசலும் இருக்கும், முகவரி 127.0.0.1. அது வெளியே போகாது. குமாஸ்தா தன் மேசைக்குத் தானே எழுதிக்கொள்ளும் குறிப்பு மாதிரி. கம்பியைப் பிடுங்கினாலும் அது வேலை செய்யும். அதனால் கோளாறு உள்ளேயா வெளியேயா என்று கண்டுபிடிக்க உதவும்.

நம் நாட்டுக்கு வலையமைப்பு வந்தது 1986-இல் தொடங்கிய எர்நெட் வழியாக. சென்னை ஐ.ஐ.டி.யும் அதில் ஓர் அங்கம். பொதுமக்களுக்கு 1995 ஆகஸ்ட் 15-ஆம் தேதி வி.எஸ்.என்.எல். இணையம் கொடுத்தது. அதில் எழுத்து மட்டும் வரும் மலிவான கணக்குக்கு ஷெல் கணக்கு என்றே பெயர். வாங்கியவர்களில் எத்தனை பேருக்குப் பூஸானைத் தெரிந்திருக்கும்?

தமிழ்நாட்டு அரசு அலுவலகங்களில் லினக்ஸ் என்ற சொல் காதில் விழுந்தது 2006, 2007 வாக்கில். எல்காட் நிறுவனத்துக்கு அப்போது சி. உமாசங்கர் ஐ.ஏ.எஸ். மேலாண்மை இயக்குநர். தங்கள் அலுவலகக் கணினிகளையே அவர்கள் சூசே லினக்ஸுக்கு மாற்றிக் காட்டினார்கள். உரிமத்துக்குப் பணம் கட்டவேண்டாம், வைரஸ் தொல்லை குறைவு, உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் திறந்து படிக்கலாம் என்பவை காரணங்கள். கிட்டத்தட்ட அதே சமயம், 2007-இல், சென்னை சி-டாக் 'பாஸ்' என்ற இந்திய லினக்ஸை வெளியிட்டது. டெபியன் என்ற லினக்ஸின் மேல் கட்டப்பட்டது அது. மாநிலத் தலைநகர், மாவட்டம், வட்டம் என்று மூன்று அடுக்காக அலுவலகங்களை இணைக்கும் மாநிலப் பெருவலையமைப்பும் அந்த வருடங்களில்தான் வந்தது.

நான் பணியாற்றிய செங்கல்பட்டு அலுவலகத்துக்கும் லினக்ஸ் கணினிகள் வந்தன. எந்தத் துறை என்று சொல்லவேண்டாம், இன்னும் பலர் பணியில் இருக்கிறார்கள். ஒப்பந்தத்தில் வந்த ஒரு பையன் எல்லாவற்றிலும் கட்டளை தட்டி வலையமைப்பை இணைத்துவிட்டுப் போனான். மறுநாள் காலை ஒன்றும் வேலை செய்யவில்லை. மறுபடி வந்து தட்டினான். அதற்கு மறுநாளும் அதே கதை. 2008, மின்வெட்டுக் காலம். கரண்ட் போய்க் கணினி அணைந்தால் இணைப்பும் போய்விடும். வாசலில் பட்டா நகலுக்கும் சான்றிதழுக்கும் ஜனங்கள் நிற்பார்கள். "சிஸ்டம் டவுன், நாளைக்கு வாங்க" என்று சொல்லும் வேலை எங்களுக்கு. கல்பாக்கம் பக்கமிருந்து இரண்டு பஸ் மாறி வந்த கிழவி ஒருத்தி மூன்று நாள் திரும்பிப் போனாள். அந்த முகம் இன்னும் மறக்கவில்லை.

நான்காம் நாள் அந்தப் பையனிடம் கேட்டேன். "தம்பி, நீ போடுறது வாய்மொழி உத்தரவா, எழுத்துப்பூர்வ உத்தரவா?"

"என்ன சார்?"

"ஆபீசர் வாயால சொன்னா அவர் இருக்கிற வரைக்கும்தான் செல்லும். ஃபைல்ல எழுதினா அடுத்த ஆபீசருக்கும் செல்லும். நீ ஃபைல்ல எழுதினியா?"

அவன் சற்று யோசித்துவிட்டு, "ஐஎஃப்கான்ஃபிக்ல போட்டேன் சார், ஃபைல்ல போடலை" என்றான். விஷயம் அதேதான். ஐஎஃப்கான்ஃபிக் கட்டளையால் சொல்வது கணினியின் நினைவில் மட்டும் நிற்கும். அணைத்தால் அழிந்துவிடும். நிலையாக நிற்க, எட்சி என்ற அடைவுக்குள் இருக்கும் கோப்பில் எழுதவேண்டும். சூசேயில் வாசலுக்கு ஒரு கோப்பு. டெபியனிலும் பாஸிலும் 'இன்டர்ஃபேசஸ்' என்று ஒரே கோப்பு. எட்சி என்பது எட்செட்ரா, நம் ஊர் பாஷையில் இத்யாதி. முக்கியமான உத்தரவையெல்லாம் இத்யாதியில் வைத்திருக்கிறார்கள் பாருங்கள்! பையன் கெட்டிக்காரன், அன்று சாயங்காலத்துக்குள் எல்லாக் கணினியிலும் எழுதி முடித்தான். அதன்பிறகு கரண்ட் போய் வந்தாலும் இணைப்பு தானாக வந்தது.

ஒன்று மட்டும் எனக்கு ஆறவில்லை. எதில் என்ன எழுதினான் என்று ஒரு பதிவேட்டில் குறித்து வைக்கச் சொல்ல யாரும் இல்லை. ஒப்பந்தம் முடிந்து அவன் போனதும் அறிவும் கூடவே போயிற்று. நான் 2009-இல் ஓய்வு பெற்றபோது பாதிக் கணினிகளில் விண்டோஸ் திரும்பியிருந்தது. லினக்ஸ் தோற்றது என்று சிலர் பேசினார்கள். பதிவேடு இல்லாதது தோற்றது என்பதே என் கட்சி. 2011 செப்டம்பர் 15-ஆம் தேதி தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்திலும் விண்டோஸ், பாஸ் இரண்டையும் போட்டுக் கொடுத்தார்கள். பாஸைத் திறந்து பார்த்த பிள்ளைகளை விரல் விட்டு எண்ணலாம், நான் பார்த்தவரை. தமிழில் சொல்லிக்கொடுக்க ஆள் குறைவாக இருந்ததும் ஒரு காரணம். 2012-இல் தொடங்கிய 'கணியம்' மின்னிதழும், து. நித்யா எழுதிய 'எளிய தமிழில்' நூல்களும் அந்தக் குறையை ஓரளவு தீர்த்தன. நான் கற்றதும் அங்கேதான்.

இதற்கிடையில் லினக்ஸ் பழைய கட்டளையை ஓரங்கட்டிவிட்டது. அலெக்ஸி குஸ்நெட்சோவ் என்ற ரஷ்யர் எழுதிய 'ஐபி' என்ற கட்டளைதான் இப்போது எல்லாம் செய்கிறது. ஐ, பி, ஓர் இடைவெளி, பிறகு ஏ. தட்டினால் எல்லா வாசலும் அதனதன் முகவரியும் வரும். ஏ-க்குப் பதில் ஆர் தட்டினால் எந்த ஜன்னல் வழியாகத் தபால் போகிறது என்று காட்டும். 2017-இல் வந்த டெபியன் 9-இல் ஐஎஃப்கான்ஃபிக் தானாக வரவே வராது, வேண்டுமென்றால் தனியாகப் போட்டுக்கொள்ளவேண்டும்.

பெயரும் மாறியது. இரண்டு நெட்வொர்க் கார்டு உள்ள கணினியில், எது முதலில் விழிக்கிறதோ அது ஈத் சீரோ. இன்றைக்கு ஒன்று, நாளைக்கு மற்றொன்று. உள் வாசலும் வெளி வாசலும் இடம் மாறினால் காவல்காரன் தப்பான வாசலில் நிற்பான். அதனால் 2013 முதல், கார்டு செருகியிருக்கும் இடத்தை வைத்தே பெயர் வைக்கிறார்கள். இஎன்பி2எஸ்0 என்றால் ஈதர்நெட், 2-ஆம் தடம், 0-ஆம் துளை. வைஃபை என்றால் டபிள்யூஎல் என்று ஆரம்பிக்கும். பார்க்க அசிங்கம்தான். ஆனால் கதவிலக்கம் போல இடத்தைச் சொல்கிறது.

இதிலும் ஒரு கோணல் உண்டு. தையூரில் இருக்கும் என் நண்பர், ஓய்வு பெற்ற ஆசிரியர், டெபியன் பயன்படுத்துபவர். அவருடைய பழைய மாணவர் ஒருவர் இன்டர்ஃபேசஸ் கோப்பில் நிலையான முகவரி எழுதிக் கொடுத்திருந்தார். போன மாதம் படம் தெளிவாகத் தெரியவேண்டும் என்று கிராஃபிக்ஸ் கார்டு ஒன்று வாங்கிப் போட்டார். அன்றோடு இணையம் போயிற்று. கடைக்காரர் மதர்போர்டு போய்விட்டது, புதுக் கணினியே வாங்கிவிடுங்கள் சார் என்று சொல்லிவிட்டார். ஓய்வூதியக்காரர் மதர்போர்டுக்கு எங்கே போவார்? நான் போய் 'ஐபி ஏ' தட்டினேன். வாசல் இருந்தது. பெயர்தான் இஎன்பி3எஸ்0 என்று வந்தது. புதுக் கார்டு உள்ளே நுழைந்ததில் தட எண்கள் ஒன்று தள்ளிப் போயிருக்கின்றன. கோப்பிலோ இன்னும் இஎன்பி2எஸ்0 என்றே இருந்தது. அந்தக் கோப்பில் அந்தப் பெயர் இரண்டு இடத்தில் வரும். இரண்டிலும் 2-ஐ 3 ஆக்கிச் சேமித்து, வாசலைத் திறக்கும் 'ஐஎஃப்அப்' கட்டளையைக் கொடுத்ததும் இணைப்பு வந்துவிட்டது. என்ன தேதியில் என்ன மாற்றினோம் என்று ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி, கணினிக்கு அடியில் வைத்துவிட்டு வந்தேன்.