விலைப்புள்ளி ஒப்பீடும் கொள்முதல் மென்பொருளும்: கோவை வார்ப்படக் கொள்முதலை முன்வைத்து

ஒரு பொருளை இன்ன தரத்தில், இன்ன இடத்தில், இன்ன நாளுக்குள், இன்ன தவணையில் பணம் பெற்றுக்கொண்டு தருவதாக வழங்குநர் எழுத்தில் கொடுக்கும் உறுதியே விலைப்புள்ளி. தொகை அதன் கடைசி வரியில் வருகிறது. கொள்முதல் மென்பொருள் அந்தக் கடைசி வரியை நொடியில் வரிசைப்படுத்திவிடும். மேலுள்ள வரிகளைத் தனித்தனிக் களங்களாகப் பிரித்துக் கொடுத்தால்தான் அவற்றைக் கணக்கில் எடுக்கும். ஆகவே ஒப்பீட்டின் தரம் விலைப்புள்ளி கோரும் நாளிலேயே முடிவாகிவிடுகிறது என்பது இக்கட்டுரையின் கருத்து. கோயம்புத்தூர் பம்பு ஆலைகள் ஃபவுண்டரிகளிடம் சாம்பல்நிற வார்ப்பிரும்பு வார்ப்படம் வாங்கும் முறை இதற்குத் தக்க சான்றாகும்.

எந்த மென்பொருளிலும் பாதை ஏறக்குறைய ஒன்றே: உற்பத்திப் பிரிவின் இண்டென்ட், விலைப்புள்ளி கோரல், வந்த விலைப்புள்ளிகளின் பதிவு, ஒப்பீட்டு அட்டவணை, பர்ச்சேஸ் ஆர்டர், சரக்கு வரவு. எஸ்ஏபி மென்பொருளின் மரபான கொள்முதல் பகுதியில் கோரலுக்கு எம்இ41, பதிவுக்கு எம்இ47, ஒப்பீட்டுக்கு எம்இ49 என்று திரைகள் உண்டு. எம்இ49 திரையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். தள்ளுபடியைச் சேர்ப்பதா, சரக்குக் கொண்டுவரும் செலவைச் சேர்ப்பதா, எல்லாம் கழித்துக் கூட்டிய பயன்விலையைக் கணக்கிடுவதா என்று சில சிறு கட்டங்கள் அதில் இருக்கின்றன. எதில் டிக் விழுகிறது என்பதைப் பொறுத்து முதலிடம் மாறக்கூடும். அதைவிட முக்கியமானது இது: லாரி வாடகையை எம்இ47-இல் தனி விலைக்கூறாகப் பதியாமல் குறிப்பு வரியில் தட்டச்சு செய்திருந்தால், எம்இ49-இல் டிக் போட்டும் பயனில்லை. கூட்டுவதற்கு அங்கே எண்ணே இராது.

15 கிலோ எடையுள்ள ஒரு பம்பு உடலை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். முதல் ஃபவுண்டரி கிலோவுக்கு 118 ரூபாய் கேட்கிறது. வண்டி வாடகை வாங்குபவர் பொறுப்பு, பணம் உடனே. இரண்டாவது, ஆலை வாசலில் இறக்கித் தர 124 ரூபாய், 45 நாள் கடன். ஜிஎஸ்டி இருவருக்கும் ஒன்றே. உள்ளீட்டு வரி வரவாகத் திரும்பிவிடுவதால் அதை விட்டுவிடலாம். மேலோட்டமாக 6 ரூபாய் வித்தியாசம். வாடகை கிலோவுக்கு 4 ரூபாய், ஆண்டுக்கு 12 சதவீத வட்டியில் 45 நாளுக்கு 1.75 ரூபாய் என்று கூட்டினால் முதல் ஃபவுண்டரியின் விலை 123.75 ஆகிறது. வார்ப்படத்தின் உள்ளே ஒளிந்திருக்கும் ப்ளோ ஹோல் எனும் காற்றுக் குழி லேத்தில் கடைந்த பிறகே கண்ணில் படும். அந்த வார்ப்படத்தை ஃபவுண்டரி மாற்றித் தந்தாலும் கடைந்த கூலி போனதுதான். ஒரு உடலுக்குக் கடைசல் கூலி 300 ரூபாய், கழிவு முதலாமவரிடம் 6 சதவீதம், இரண்டாமவரிடம் 2 சதவீதம் என்றால் கிலோவுக்கு முறையே 1.20, 0.40 ரூபாய் ஏறும். முடிவில் 124.95-க்கு எதிரே 124.40. வரிசை தலைகீழாகிவிட்டது.

இந்தக் கணக்கில் கடினமானது எதுவும் இல்லை. அதற்கு வேண்டிய எண்கள் கையில் இருக்கின்றனவா என்பதுதான் கேள்வி. கோரும் மடலில் ஐஎஸ் 210-இன்படி எஃப்ஜி 200 தரம், வரைபடத்தின் திருத்த எண், விலை கிலோவுக்கா உருப்படிக்கா, எந்த இடத்தில் ஒப்படைப்பு, பிக் அயர்ன் விலை ஏறி இறங்கினால் எப்படி ஈடுசெய்வது ஆகியவை கட்டாயக் களங்களாக இருக்க வேண்டும். 'வழக்கம்போல்' என்று எழுதி அனுப்பினால் ஒவ்வொரு ஃபவுண்டரியும் தன் வழக்கத்தையே எழுதி அனுப்பும்.

கடன் தவணைக்குச் சட்டமும் எல்லை வகுத்திருக்கிறது. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, குறு, சிறு நிறுவனங்களுக்கான ஒப்பந்தத் தவணை 45 நாளைத் தாண்டக் கூடாது. தாண்டினால் வங்கி விகிதத்தைப் போல் மும்மடங்கில் மாதாந்தரக் கூட்டு வட்டி சேரும். 2023-இன் நிதிச் சட்டம் வருமான வரிச் சட்டத்தில் சேர்த்த 43பி(எச்) பிரிவு, கெடு தாண்டிய தொகையை உண்மையில் கொடுத்த ஆண்டில்தான் செலவாகக் கழிக்கலாம் என்றது. ஆனால், குறு, சிறு நிறுவனமெனக் காட்டும் உத்யம் பதிவு எண் வழங்குநர் பதிவேட்டில் இல்லாத மென்பொருள் 90 நாள் கடனை ஒரு சலுகையாகவே கணக்கிட்டுக் காட்டும். சிறு ஃபவுண்டரிக்காரரின் நடைமுறை மூலதனத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு பெறும் அந்தச் 'சலுகை' நியாயமும் ஆகாது, நிலைக்கவும் செய்யாது.

வழங்குநர்கள் போட்டியிட்டு விலையைக் குறைத்துக்கொண்டே போகும் இணையவழித் தலைகீழ் ஏலம், இத்தனை சிக்கலையும் சந்தையே தீர்த்துவிடும் என்ற வாதத்தோடு வந்தது. 1995-இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்கில் தொடங்கிய ஃப்ரீமார்க்கெட்ஸ் நிறுவனம் இதைத் தொழில்துறைக் கொள்முதலில் பரப்பியது. 2004-இல் அது அரிபா என்ற கொள்முதல் மென்பொருள் நிறுவனத்துடன் இணைந்தது. போல்ட், தாள், பேரிங் போன்று யாரிடம் வாங்கினாலும் ஒன்றான பொருளுக்கு ஏலம் பொருந்தும். வார்ப்படத்துக்குப் பொருந்தாமல் போவதற்கு மிகப் பெரிய காரணம் பேட்டர்ன், அதாவது வார்ப்பு அச்சு எடுக்க உதவும் மாதிரி உரு. அது பெரும்பாலும் வாங்குபவரின் சொத்து, கிடப்பதோ பழைய ஃபவுண்டரியின் கொட்டகையில். ஏலத்தில் வேறொருவர் வென்றால் பேட்டர்னை எடுத்துவர வேண்டும், தேய்மானத்தைச் சரிசெய்ய வேண்டும், மாதிரி வார்த்து அளந்து ஒப்புதல் தர வேண்டும். இதற்கிடையே உற்பத்தி நிற்காதிருக்கக் கையிருப்பும் வேண்டும். பேட்டர்ன் யாரிடம் எந்த நிலையில் இருக்கிறது என்பதற்கு ஒப்பீட்டுத் திரையில் இயல்பாக ஒரு களம் இருப்பதில்லை. ஆலைதான் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

மென்பொருளின் உண்மையான ஆதாயம் நினைவிலும் சாட்சியத்திலும் இருக்கிறது. எந்த விலை எந்த நேரத்தில் வந்தது, யார் திருத்தினார், குறைந்த விலையை விட்டு அடுத்ததை ஏன் தேர்ந்தார்கள் என்பது பதிவில் நிற்கும். மும்பையின் ஃப்ராப்பே உருவாக்கிய திறமூல மென்பொருளான இஆர்பிநெக்ஸ்டில் வழங்குநர் மதிப்பெண் அட்டை உண்டு. மதிப்பெண் குறைந்தவருக்கு விலைப்புள்ளி கோரலே போகாமல் தடுக்கவும் முடியும். ஆனால் அந்த மதிப்பெண் சரக்கு வரவுச் சீட்டில் பதிந்த கழிவிலிருந்து மட்டும் வருமானால், ஸ்டோரில் நல்லதென்று ஏற்று, மூன்று நாள் கழித்து லேத்தில் ப்ளோ ஹோலோடு கழிந்த வார்ப்படம் அதில் சேராது. அதைச் சேர்க்க, எந்த உருக்கில் வார்த்தது எனக் காட்ட வார்ப்படத்தில் பொறித்த ஹீட் எண்ணைக் கடைசல் பிரிவின் கழிவுச் சீட்டில் ஆபரேட்டர் எழுத வேண்டும். அந்தச் சீட்டு கொள்முதல் பிரிவின் பதிவோடு இணைய வேண்டும். மேலே கண்ட கணக்கில் வரிசையைப் புரட்டிப்போட்ட 6 சதவீதமும் 2 சதவீதமும் இந்தச் சீட்டிலிருந்தே கிடைக்கும்.