காற்று வரலாம்... குரல் வரக்கூடாது!

ஒரு புதிர். சிறை அறைக்குள் நல்ல காற்று வரணும். ஆனால், பக்கத்து அறைக் கைதியின் குரல் வரக்கூடாது. எப்படிக் கட்டுவீர்கள்?

1830-களின் கடைசியில் பிரிட்டிஷ் உள்துறை இந்தத் தலைவலியை ஒப்படைத்தது ஒரு ராணுவ இன்ஜினீயரிடம். பெயர் ஜோஷுவா ஜெப். 1814-ல் அமெரிக்கர்களோடு போரிட்டுவிட்டு வந்தவர்.

எதற்கு இந்த மௌனம்? கைதிகள் கூடிப் பேசினால் ஒருத்தரை ஒருத்தர் கெடுத்துக்கொள்வார்கள். தனியே விட்டால் மனசாட்சி பேசும், திருந்துவார்கள் என்று அன்றைய பெரியவர்கள் மனதார நம்பினார்கள். அமெரிக்காவில் பிலடெல்பியா சிறையைப் பார்த்துவிட்டு வந்த யோசனை இது.

லண்டனில் ஜெப் கட்டிய பென்டன்வில் சிறை 1842-ல் திறக்கப்பட்டது. (ஆமாம், நம் மதன்லால் திங்ராவை 1909-ல் தூக்கிலிட்ட அதே சிறைதான்!) நடு மண்டபத்திலிருந்து விசிறி மாதிரி விரியும் கட்டடங்கள். 520 அறைகள். ஒவ்வொன்றும் 13 அடி நீளம், 7 அடி அகலம், 9 அடி உயரம். சுவருக்குள்ளேயே காற்றுக் குழாய்கள்: ஒன்றில் வெதுவெதுப்பான காற்று உள்ளே வரும், இன்னொன்றில் கெட்ட காற்று வெளியேறும். அறைக்கு அறை கழிப்பிடம், தண்ணீர்க் குழாய். அன்றைய லண்டன் கூலித் தொழிலாளி கனவிலும் காணாத வசதி!

சும்மா சொல்லக்கூடாது, மனுஷர் பிரமாதமான இன்ஜினீயர். ஆனால், உள்ளே இருந்தவன் கதி? வெளியே வந்தால் முகத்தை மறைக்கும் தொப்பி. பெயர் கிடையாது, நம்பர்தான். தேவாலயத்தில்கூட ஆளுக்கொரு மரத்தடுப்பு. பாதிரியார் முகம் மட்டும் தெரியும். இப்படிப் பதினெட்டு மாதம்.

கைதிகள் சும்மா இருப்பார்களா? கூட்டுப் பிரார்த்தனையில் ராகத்தோடு ராகமாகச் சேதி சொன்னார்கள். ஜெப் பதித்த தண்ணீர்க் குழாயையே தட்டித் தட்டித் தந்தியாக்கிக்கொண்டார்கள்!

எல்லோருக்கும் அந்தச் சாமர்த்தியம் வாய்க்கவில்லை. உடம்பும் மனசும் திடமானவர்களாகப் பார்த்துப் பொறுக்கித்தான் அனுப்பினார்கள். அப்படியும் சிலருக்குப் புத்தி பேதலித்தது. பதினெட்டு மாதத்தைப் பன்னிரண்டாக்கி, பிறகு ஒன்பதாகக் குறைத்தார்கள். தனிமைதான் மருந்து என்று பிடிவாதமாக இருந்த இரண்டு அதிகாரிகள் 1847-ல் இறந்தார்கள். அதன் பிறகு ஜெப்பே, கைதிகளைச் சேர்த்து வேலை வாங்கும் திட்டங்களின் பக்கம் சாய்ந்தார்.

ஆனால், கல் இளகுமா? அதற்குள் பென்டன்வில்லைப் பார்த்து ஐம்பதுக்கும் மேற்பட்ட சிறைகள் எழும்பிவிட்டன. 1863-ல் ஜெப் காலமானார். பென்டன்வில் இன்றும் சிறைதான். ஒரே ஒருவருக்காக அவர் அளந்து கட்டிய அறைகளில் இப்போது பெரும்பாலும் இரண்டு பேரை அடைத்துவைக்கிறார்கள்.