மேற்கோளும் ஏதுவும்: பழந்தமிழ் அளவைநெறியும் வேலூர்ப் புரட்சிக் கட்டுரைகளும்

‘மேற்கோள்’ என்னும் சொல்லுக்கு இன்றைய மாணவர் அறிந்த பொருள், பிறர் கூற்றை எடுத்தாளுதல் என்பதாகும். பழந்தமிழ் அளவை நூலார்க்கோ அச்சொல் முற்றிலும் வேறான பொருளைத் தந்தது. ஒருவன் நிறுவ எடுத்துக்கொண்ட கருத்தே மேற்கோள். அதனை நிறுவும் காரணம் ஏது. அக்காரணம் உலகியலில் மெய்ப்படுமாறு காட்டுவது எடுத்துக்காட்டு. 13ஆம் நூற்றாண்டினரான மெய்கண்டாரின் சிவஞானபோதம், தன் 12 நூற்பாக்களின் கருத்தையும் இம்முறையிலேயே நிறுவிச் செல்கிறது. அங்கு மேற்கோளும் ஏதுவும் உரைநடையில் அமைய, எடுத்துக்காட்டு வெண்பாவாக வருகிறது. கவிஞர்கள் இதனை ஊன்றி நோக்குதல் வேண்டும். செய்யுள் சான்றாக நிற்கும் உரிமை பெற்றது. ஆயினும் ஏதுவின் துணையின்றி அதனைத் தனியே நிற்கவிடவில்லை அந்நூல்.

பின்னாளில் ‘மேற்கோள்’ என்னும் பெயர் கருத்தை விட்டு நீங்கி, சான்றின்மேல் ஏறிக்கொண்டது. சொற்பொருள் மாறுதல் மொழிக்கு இயல்பே. ஆனால் மாணவர்தம் வாதக் கட்டுரைகளைத் திருத்துவோர், சொல்லில் நேர்ந்த இம்மாற்றம் தாளிலும் நேர்ந்திருத்தலைக் காண்பர். எடுத்தாண்ட வரிகள் பக்கத்தை நிறைக்கின்றன. எதனை நிறுவ அவை வந்தன என்பது மட்டும் சொல்லப்படுவதில்லை.

தொல்காப்பிய மரபியல் உரையின் இலக்கணத்தைக் கூறுமிடத்து, ஏதுவும் எடுத்துக்காட்டும் சூத்திரத்தை முடித்தற் பொருட்டே வருதல் வேண்டும் என்று வரையறை செய்கிறது. உரைகாரன் தான் கற்றதை எல்லாம் கொட்டுதற்கு உரிமையுடையவன் அல்லன் என்பது இதன் உட்கிடை. (இவ்வரையறையை மறந்த உரைகாரரும் நம்மிடையே இருந்தனர் என்பது வேறு செய்தி.)

இந்நெறியைத் தமிழில் மிக விரிவாகப் பேசுவது மணிமேகலையின் 29ஆம் காதையாகும். காஞ்சியில் அறவண அடிகள் மணிமேகலைக்கு உரைக்கும் அளவைப் பகுதியில் பக்கம், ஏது, திட்டாந்தம், உபநயம், நிகமனம் என ஐந்து உறுப்புகள் கூறப்படுகின்றன. இம்மலை நெருப்புடையது என்பது பக்கம். புகையுடைமையால் என்பது ஏது. அடுக்களையைக் காட்டுதல் திட்டாந்தம். இம்மலையும் அவ்வாறே புகையுடையது எனப் பொருத்துதல் உபநயம். ஆதலின் நெருப்புடையது என முடித்தல் நிகமனம். இவற்றுள் பின்னிரண்டும் திட்டாந்தத்திலேயே அடங்கும் என்று காப்பியம் மேலும் கூறுகிறது. ஐந்தை மூன்றாகச் சுருக்குதல் பௌத்த அளவைநூல் மரபு. அளவை பயின்றோர் தம்முள் வாதிடும் இடத்திற்கு அச்சுருக்கம் பொருந்தும். கேட்போன் உபநயத்தைத் தானே செய்துகொள்வான். மாணவர்க்கு அச்சுருக்கம் ஆகாது. அடுக்களையையும் மலையையும் அருகருகே வைத்துவிட்டு எழுந்துபோகும் கட்டுரைகளே மிகுதி.

கவிதையில் இது குறையன்று, சிறப்பேயாம். உள்ளுறை உவமத்தில் புலவன் கருப்பொருளை நிறுத்திவிட்டு விலகி நிற்க, பொருத்திக் காண்பது கேட்போன் கடனாகிறது. கவிஞர் எழுதும் கட்டுரைகள் சில வேளைகளில் மயங்குவதற்கும் காரணம் இப்பழக்கமே எனலாம். வாதம் உள்ளுறையால் நடப்பதன்று.

சான்று ஒன்றே எதிரெதிர் முடிவுகளுக்கு இழுக்கப்படுதற்கு மணிமேகலையின் காலம் பற்றிய ஆய்வே தக்க சான்றாகும். அதன் அளவைப் பகுதிக்கும் வடமொழி நியாயப்பிரவேசத்திற்கும் உள்ள ஒப்புமையைக் கண்ட அறிஞர் பலர், காப்பியம் அந்நூலுக்குப் பிற்பட்டது என்றனர். எஸ். கிருஷ்ணசாமி ஐயங்கார் 1928இல் வெளிவந்த தம் நூலில், இப்பகுதி திங்நாகருக்கு முற்பட்ட நிலையைக் காட்டக்கூடும் என வாதிட்டார். ஒப்புமை இருவர்க்கும் பொது. அதனைக் காலத்தோடு பொருத்தும் உபநயமே வேறு. இரு பக்கத்திலும் செல்லும் இத்தகைய ஏதுவை அநைகாந்திகம் என்னும் போலியாக அக்காதையே வகுத்துள்ளமை சுவையானது.

வேலூர் வட்டார மாணவர்க்கு அருகில் உள்ள பொருள் 1806ஆம் ஆண்டுப் புரட்சியாகும். “வேலூர்ப் புரட்சியே இந்திய விடுதலையின் முதற்போர்” என்னும் தலைப்பில் எழுதப்படும் கட்டுரைகளில் செய்திகள் பெரும்பாலும் பிழையின்றி இருக்கும். 1805 நவம்பரில் தலைமைப் படைத்தலைவர் சர் ஜான் கிராடக்கின் காலத்தில் வந்த புதிய தலைப்பாகை. அதில் அமைந்த தோற்சின்னம். சமயக் குறிகளுக்கும் கடுக்கனுக்கும் தாடிக்கும் இடப்பட்ட தடை. 1806 மே மாதம் தலைப்பாகையை மறுத்தவருள் இருவர்க்குத் தலா 900 கசையடித் தண்டனை. சூலை 10 அன்று விடியுமுன் எழுந்த கிளர்ச்சி. கோட்டையில் ஏறிய மைசூர்க் கொடி. ஆர்க்காட்டிலிருந்து கில்லெஸ்பி குதிரைப்படையுடன் விரைந்து வந்து அன்றே கோட்டையை மீட்டமை. இவ்வளவும் எழுதிய மாணவன் ‘எனவே முதற்போர்’ என்று முடித்துவிடுகிறான். அந்த ‘எனவே’ எதனைத் தாங்கி நிற்கிறது?

தலைப்பாகையை எடுத்துக்கொள்வோம். அது மனக்குறையைக் காட்டும். விடுதலை நோக்கத்தைக் காட்டுமா? தம் சமயத்தைக் காக்க எழுந்த வீரனும், ஆட்சியை அகற்ற எழுந்த வீரனும் அத்தலைப்பாகையை ஒருசேர வெறுத்திருப்பர். ஆதலின் அது தனித்து நிற்குமிடத்து அநைகாந்திகமே. தோற்சின்னம் பற்றியும் மாணவர் விரைந்து செல்கின்றனர். ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைப் பகுதிகளில் தோல் பதனிடுதல் பல்லாயிரம் குடும்பங்களின் பிழைப்பு. இங்கு வாழும் மாணவன் ‘தோல் என்றதும் வீரர் கொதித்தனர்’ என்று எழுதுமிடத்துச் சற்று நிற்றல் வேண்டும். தோலினும், அது எவ்விலங்கின் தோலோ என்னும் ஐயமும், தலைப்பாகை ஐரோப்பியர் தொப்பியை ஒத்திருந்தமையால் மதமாற்றத்தின் முதற்படி இதுவெனப் பரவிய அச்சமுமே வீரரைக் கலக்கின. இவ்வச்சத்தைச் சொல்லாவிடில் தோற்சின்னம் வெறும் செய்தியாக நின்றுவிடும்.

கொடி இன்னும் வலிய சான்று. 1799 மே 4இல் சீரங்கப்பட்டணத்தில் வீழ்ந்த திப்புவின் மைந்தர் வேலூர்க் கோட்டையில் காவலில் இருந்தனர். அவர்தம் குலக்கொடியை ஏற்றியோர் ஆட்சி மாற்றத்தை எண்ணினர் என்று பொருத்த இடமுண்டு. இங்கும் ‘மைசூர் அரசை மீட்டல்’, ‘இந்திய விடுதலை’ என்னும் இரண்டிற்கும் இடையே ஒரு படி உளது. அப்படியை மாணவன் தாண்டிக் குதிக்கிறான்.

இச்சிக்கலில் ஆங்கிலேயரே அன்று மோதிக்கொண்டனர் என்பது பலர் கவனியாத செய்தி. தலைப்பாகை காரணமெனில் பழி ஆணையிட்டோரைச் சாரும். திப்பு குடும்பத்தின் சூழ்ச்சி காரணமெனில் ஆணையிட்டோர் தப்புவர். விசாரணைக் குழு உடை மாற்றங்களைத் தலையாய காரணமாகவும், திப்பு குடும்பம் வேலூரில் தங்கியிருந்தமையை மற்றொன்றாகவும் கூறியது. ஆளுநர் வில்லியம் பெண்டிங்க், கிராடக் ஆகிய இருவரும் 1807இல் திரும்ப அழைக்கப்பட்டனர். திப்புவின் மைந்தர் கல்கத்தாவிற்கு அனுப்பப்பட்டனர். காரணம் கூறுவோனுக்கு அக்காரணத்தால் வரும் பயன் யாதென வினவுவதும் சான்றைப் பொருத்தும் பணியில் அடங்கும்.

மணிமேகலை திட்டாந்தத்தைச் சாதன்மியம், வைதன்மியம் என இரண்டாக்குகிறது. ஏது உள்ள இடத்தைக் காட்டுவது ஒன்று. இல்லாத இடத்தைக் காட்டுவது மற்றொன்று. பின்னதை மாணவர் தொடுவதே இல்லை. ஐதராபாத்திலும் அதே தலைப்பாகை மனக்கசப்பை விளைத்தது. வேலூரில் நிகழ்ந்த அளவிலான எழுச்சி அங்கு நிகழவில்லை. திப்புவின் மைந்தர் அங்கு இல்லை. இவ்வொப்பீட்டைச் செய்யும் மாணவன், தலைப்பாகை மட்டுமே காரணம் என்பாரை மறுக்கும் வலிமை பெறுகிறான். ஆயினும் ஐதராபாத்தில் அவ்வாணை திரும்பப் பெறப்பட்டமையையும் அவன் மறைத்தலாகாது. மறைப்பின் வேறுபாட்டின் காரணம் அதுவாகவும் இருக்கலாம் என எதிர்வாதி எடுத்துக்காட்டுவான். இதற்கும் விடை கூறி நிற்கும் கட்டுரையில் ‘முதற்போர்’ என்னும் மேற்கோள் ஒருவேளை சற்றுச் சுருங்கக்கூடும்: “அரசியல் நோக்கமும் கலந்த, 1857க்கு அரை நூற்றாண்டு முற்பட்ட எழுச்சி” என்று. 1800–1801ஆம் ஆண்டுகளின் தென்னிந்தியக் கிளர்ச்சியை முதற்போர் எனக் கே. இராசய்யன் எழுதியிருத்தலால், ‘முதல்’ என்பதற்கும் தனியே ஏது காட்டியாக வேண்டும். சுருங்கிய மேற்கோள் வேலூர்க்கு இழுக்கன்று. கோட்டையில் மாண்ட சிப்பாய்கள் நூற்றுக்கணக்கினர்; அவர்தம் நோக்கத்தை மிகைப்படுத்துவதும் அவர்க்குச் செய்யும் அநீதியே.

இறுதியாக ஓர் உள்ளூர்ச் செய்தி. ஆர்க்காட்டிலிருந்து வேலூருக்கு வரும் இன்றைய நெடுஞ்சாலை சத்துவாச்சாரியைத் தொட்டு வருகிறது. ஆதலின் கில்லெஸ்பியின் குதிரைகள் சத்துவாச்சாரி மண்ணை மிதித்தே சென்றன என எழுதும் ஆசை யார்க்கும் எழும். கவிதைக்கு அது நல்ல தொடக்கமும் ஆகும். கட்டுரையில் அது அசித்தம், அஃதாவது தானே நிறுவப்படாத ஏது. இன்றைய சாலை 1806இன் சாலைக்குச் சான்றாகாது. அக்காலத்து நிலப்படம் ஒன்றில் அவ்வழி வரையப்பட்டிருப்பின், அந்நாளில் படை அவ்வழியே சென்றது எனக் கூறும் ஆவணமும் உடன் கிடைப்பின், அப்போது மாணவன் எழுதலாம்.