நெசவாளிக்கு அறம் வருமா?

அரிஸ்டாட்டில் சொல்ற மகிழ்ச்சி ஒருநாள் சந்தோஷம் இல்ல. ஆயுசு முழுக்க நல்ல குணத்தோட வாழ்ற வாழ்க்கை. கோழைத்தனத்துக்கும் முரட்டுத் துணிச்சலுக்கும் நடுவுல நிக்கிறது வீரம். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா அதே மனுஷன் 'அரசியல்' நூலின் 3ஆம் புத்தகத்தில், கைத்தொழில் செய்றவனால் அறத்தைப் பயில முடியாது, சிறந்த நகரம் அவனைக் குடிமகனா ஏத்துக்காதுன்னு எழுதுறார். அறம் பழக ஓய்வு வேணுமாம். சேவூர்ல பட்டுத்தறியில உட்கார்ந்திருக்கிறவங்ககிட்ட இதைச் சொல்லிப் பாருங்க!

நம்ம மரபு நேரெதிர். 1330 குறள் எழுதின வள்ளுவர் மயிலாப்பூர்ல நெசவு செய்தவர்னு வழிவழியா ஒரு கதை. வரலாற்று ஆதாரம் கிடையாது, சரி. ஆனா அறநூல் ஆசிரியரை நெசவாளியா நினைச்சுப் பார்க்க இந்தச் சமூகத்துக்கு எந்தத் தயக்கமும் இல்லைங்கிறதே எனக்குப் பெரிய விஷயம்.

ஏதென்ஸ்லயும் ஒருத்தர் இருந்தார். கிளியாந்தஸ். ராத்திரி தோட்டங்களுக்குத் தண்ணி இறைச்சு, பகல்ல ஸீனோகிட்ட பாடம் கேட்டவர்; பின்னாடி ஸ்டோயிக் பள்ளிக்கே தலைவரானார். அவங்க கணக்குல மகிழ்ச்சிக்கு அறம் மட்டுமே போதும், காசு பணம் தேவையில்ல. இதுவும் எனக்கு நெருடுது. கூலியைக் குறைக்கிறவருக்கு ரொம்ப வசதியான தத்துவம் ஆச்சே! வள்ளுவர் அந்தப் பக்கமும் போகலை. வறுமை என்ன செய்யும்னு சொல்ல 'நல்குரவு'ன்னு தனி அதிகாரமே வெச்சிருக்கார்.