பிழையில் பிறந்த பெயர்

புதிய பொருளொன்றைக் கண்டறிந்தவர் அதற்குப் பெயரிடுகின்றார். அவர் கண்ட உண்மை அப்பெயரில் உறைந்திருக்கும். அவர் கொண்ட பிழையும் சிற்சில வேளைகளில் அதனுள் உறைந்துவிடும். அறிவியற் கலைச்சொற்களின் வேர்களை ஆராய்வார்க்கு இவ்விரண்டும் புலனாகும். ஆக்சிஜன் என்னும் சொல் இதற்குத் தக்க சான்றாகும்.

பொருளொன்று எரியும்போது அதிலிருந்து 'புளோஜிஸ்டன்' என்னும் கூறு வெளியேறுகின்றது எனப் பதினெட்டாம் நூற்றாண்டின் அறிஞர் பலர் நம்பினர். 1774-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் முதல் நாளன்று, இங்கிலாந்தில் ஜோசப் பிரீஸ்ட்லி, பாதரசத்தின் செந்நிற நீற்றினைக் குவிவில்லையால் சூடாக்கி ஒரு வளியைப் பெற்றார். அதனுள் மெழுகுவர்த்தி மிக்க ஒளியுடன் எரிந்தது. அவர் அதனைப் 'புளோஜிஸ்டன் நீங்கிய காற்று' என்றழைத்தார். சுவீடன் நாட்டில் சீலே என்பார் அவருக்கு முன்னரே அவ்வளியைக் கண்டிருந்தார். எனினும், அவர்தம் நூல் 1777-இல்தான் வெளிவந்தது. அவர் இட்ட பெயர் 'தீக்காற்று' என்பதாகும்.

பிரெஞ்சு அறிஞர் லவாய்சியே துலாக்கோலைத் துணைக்கொண்டார். எரிதலின்போது பொருளிலிருந்து ஒன்று வெளியேறவில்லை, இவ்வளியே பொருளுடன் சேர்கின்றது என நிறுவினார். அம்மட்டில் அவர் கண்டது உண்மை. ஆயின், கந்தகமும் பாஸ்பரசும் கரியும் எரிந்து நீரிற் கரைந்தபோது அமிலம் உண்டாவதைக் கண்ட அவர், அமிலங்கள் அனைத்திற்கும் இவ்வளியே மூலம் என முடிவு கட்டினார். கிரேக்க மொழியில் 'ஆக்சிஸ்' என்பது புளிப்பைக் குறிக்கும். 'கெனெஸ்' என்பது பிறப்பிப்பதைக் குறிக்கும். 'புளிப்பைப் பிறப்பிப்பது' என்னும் பொருள்பட ஆக்சிஜன் என்னும் பெயர் இங்ஙனம் தோன்றிற்று. 1787-இல் அவரும் அறிஞர் மூவரும் இணைந்து வெளியிட்ட வேதியியற் பெயரீட்டு நூல் அதனை நிலைபெறச் செய்தது.

1794-ஆம் ஆண்டு மே 8-ஆம் நாள், பிரெஞ்சுப் புரட்சியின் கொந்தளிப்பில் லவாய்சியே தலை துணிக்கப்பட்டார். பதினாறு ஆண்டுகள் கழித்து, 1810-இல், உப்பிலிருந்து பெறப்படும் அமிலத்தில் ஆக்சிஜன் அறவே இல்லை என ஹம்ப்ரி டேவி எடுத்துரைத்தார். அவ்வமிலத்திலுள்ள தனிமத்திற்கு அதன் வெளிறிய பசுமை நிறத்தைக் கொண்டே 'குளோரின்' எனப் பெயரிட்டார். கோட்பாடு மாறினும் நிறம் மாறாது என்பதை அவர் உணர்ந்திருந்தார் போலும்.

பிழை வெளிப்பட்ட பின்னரும் பழைய பெயர் நீங்கவில்லை. ஜெர்மானியர் அதனைப் 'புளிப்புப் பொருள்' எனத் தம் மொழியில் பெயர்த்து வழங்கினர். ஜப்பானியச் சொல்லும் அமிலத்தையே சுட்டுகின்றது. பிரான்சில் நைட்ரஜனுக்கு இன்றும் வழங்கும் பெயர் 'உயிரற்றது' என்னும் கருத்தில் அமைந்ததாகும். எனினும், உயிர்களின் உடலிலுள்ள புரதம் ஒவ்வொன்றிலும் அத்தனிமம் உண்டு!

தமிழில் வழங்கும் உயிர்வளி, பிராணவாயு என்னும் சொற்கள் புளிப்பைப் பற்றிப் பேசவில்லை. அவ்வளி உயிர்க்கு ஆற்றும் பணியையே சுட்டுகின்றன. எனவே, லவாய்சியேயின் பிழை அவற்றைத் தொடவில்லை. ஆயினும், அவையும் முழுமையுடையன அல்ல. அவ்வளியே நஞ்சாகும் நுண்ணுயிர்களும் உலகில் உள. இரும்பைத் துருவாக்குவதும் அதுவே. ஒரு பொருளின் இயல்பு முழுவதையும் ஒரு சொல்லில் அடக்குதல் எம்மொழிக்கும் அரிது.

ஆதலின், கலைச்சொல்லை மனனம் செய்விப்பதோடு ஆசிரியரின் பணி முடிந்துவிடாது. அச்சொல் பிறந்த வரலாற்றையும் உடன் கூறுதல் வேண்டும். பேரறிஞரும் பிழைபட்டனர் என்பதையும், அப்பிழையைச் சோதனையே திருத்திற்று என்பதையும் உணரும் மாணவன், தன் பிழைக்கு அஞ்சமாட்டான். வினாத் தொடுக்கவும் தயங்கமாட்டான். அறிவியற் கல்வியின் தொடக்கம் அதுவேயாம்.