கேக்கில் புகுந்த காரட்

1940-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் பி.பி.சி. வானொலி ஒரு புதிய ஒலிபரப்பைத் தொடங்கிற்று. காலை எட்டு மணிச் செய்திக்குப் பிறகு, எட்டேகாலுக்கு, ஐந்தே நிமிஷம் நிகழும் பேச்சு அது. 'சமையலறைப் போர்முனை' என்று அதன் பெயரைத் தமிழாக்கலாம். பிரான்ஸ் வீழ்ச்சியுற்ற மாதம் அது. நாடு பிழைக்குமா என்று உலகமே கவலைப்பட்ட அவ்வேளையில், லண்டன் வானொலி உருளைக்கிழங்கையும் காரட்டையும் பற்றிப் பேசியது. இல்லத்தரசிகள் கடைக்குப் புறப்படுமுன் கேட்கவேண்டும் என்பதற்காகவே அந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்தார்கள்.

இதனை வேடிக்கை என்று ஒதுக்கிவிட இயலாது. யுத்தத்திற்கு முன் பிரிட்டன் தன் உணவில் மூன்றில் இரண்டு பங்கினைக் கப்பல் வழியே வரவழைத்து உண்டது. கோதுமை கனடாவிலிருந்து வந்தது. வெண்ணெய் டென்மார்க்கிலிருந்தும் நியூஜிலாந்திலிருந்தும் வந்தது. சர்க்கரையின் பெரும்பகுதியும் உலர்ந்த திராட்சையும் கடல் கடந்தே வந்தன. ஆங்கிலேயர் டிசம்பரில் சுடும் பண்டிகைக் கேக் நான்கு கடல்களின் சரக்கு என்றே சொல்லலாம். ஜெர்மானிய நீர்மூழ்கிகள் அட்லாண்டிக்கில் கப்பல்களை ஒவ்வொன்றாய் மூழ்கடிக்கத் தொடங்கியதும், அந்தக் கேக்கின் ஒவ்வொரு கவளமும் மாலுமிகளின் உயிரோடு தொடர்புடையதாயிற்று.

1940 ஜனவரி 8-ஆம் நாள் வெண்ணெய்க்கும் சர்க்கரைக்கும் பன்றியிறைச்சிக்கும் பங்கீடு வந்தது. ஒருவருக்கு வாரத்திற்குச் சர்க்கரை ஏறக்குறைய 225 கிராம். வெண்ணெய் பெரும்பாலும் அதில் நான்கில் ஒரு பங்கு. முட்டை, கிடைத்தால், ஒன்று. அவ்வாண்டு ஆகஸ்டில் கேக்கின் மேல் சர்க்கரைப் பூச்சு இடுவதையே அரசாங்கம் தடைசெய்தது. திருமணங்களில், பூச்சிட்ட கேக் போன்று அட்டையில் செய்த உறையைச் சிறு கேக்கின் மேல் கவிழ்த்துப் புகைப்படம் எடுத்துக்கொண்டார்கள்.

மாவுக்கு மட்டும் யுத்தகாலம் முழுவதும் பங்கீடு இல்லை. தோட்டத்துக் காய்கறிகளுக்கும் இல்லை. ஆகவே, மீதமிருந்த வழி தெளிவாயிற்று. விவசாய மந்திரி ரெஜினால்ட் டார்மன்-ஸ்மித் 1939 அக்டோபரிலேயே வீட்டுத் தோட்ட இயக்கத்தைத் தொடங்கிவைத்திருந்தார். அதன் முழக்கத்தைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'வெற்றிக்காகத் தோண்டுங்கள்' என்றாகும். அரசாங்க மொழிபெயர்ப்பாளர் எவரும் கையொப்பமிடத் தயங்கும் வாக்கியம். கருத்து என்னவோ எளியது: புல்வெளியைக் கொத்திக் காய்கறி போடுங்கள் என்பதே. மிடில்டன் என்ற தோட்டக்கலைஞர் ஞாயிற்றுக்கிழமைகளில் வானொலியில் பேசினார். அவர் பேச்சைக் கேட்டு மண்வெட்டி எடுத்தவர் பலர். 1939-இல் எட்டு லட்சத்துக்குச் சற்று மேற்பட்டிருந்த குத்தகைத் தோட்டத் துண்டுகள் 1943-க்குள் ஏறத்தாழ 14 லட்சமாயின.

விளைந்தவற்றுள் அளவுக்கு மிஞ்சிப்போனது காரட். உணவு மந்திரி உல்ட்டன் பிரபு பெரிய பண்டகசாலைகளை நடத்திப் பழகியவர். தேங்கிய சரக்கை விற்கும் வித்தை அவருக்குத் தெரியும். காரட்டுக்குக் கண்ணாடி மாட்டி, கையில் பை கொடுத்து, 'டாக்டர் காரட்' என்று சித்திரமாக வரைந்தார்கள். குளிர்ந்த பாலேட்டு மிட்டாய் கிடைக்காத குழந்தைகளுக்குக் குச்சியில் குத்திய காரட்டைக் கொடுத்தார்கள். இருளில் பகை விமானங்களை வீழ்த்திய விமானி ஜான் கன்னிங்ஹாமின் கண்கூர்மைக்குக் காரட்டே காரணம் என்ற கதையும் பரவிற்று. அவர் விமானத்தில் இருந்த ரேடார் கருவிதான் மெய்யான காரணம்.

காரட்டைப் பலகாரத்தில் சேர்ப்பது மந்திரியின் கண்டுபிடிப்பன்று. 1699-இல் ஜான் ஈவ்லின் வெளியிட்ட 'அசெட்டாரியா' என்னும் நூலிலேயே காரட் புட்டிங் இடம்பெற்றுள்ளது. சர்க்கரை செல்வர்களின் பொருளாயிருந்த நாளில் கிழங்கின் இனிப்பு கைகொடுத்தது. சர்க்கரை மலிந்ததும் அந்த வழக்கம் பின்தங்கிவிட்டது. யுத்தம் அதனை மீட்டது. இனிப்பு மட்டுமே அதன் பயனன்று. துருவிய காரட் தன்னுள் நீரைத் தாங்கி, சூட்டில் சிறிது சிறிதாக விடுவதால், வெண்ணெய் குறைந்த கேக்கும் வறண்டு உதிராமல் இருந்தது.

உணவு இலாகாவின் துண்டுப் பிரசுரங்களில் என் மனத்தைக் கவர்ந்தது, 'யுத்தமும் சமாதானமும்' என்று பெயரிடப்பெற்ற பண்டிகைப் புட்டிங். முதல் உலக யுத்தத்தின்போது கனடாவில் செய்யப்பட்டது என்று அதனைக் குறிப்பிடுகின்றனர். மாவு ஒரு கோப்பை, ரொட்டித் தூள் ஒரு கோப்பை, துருவிய பச்சை உருளைக்கிழங்கு ஒரு கோப்பை, துருவிய காரட் ஒரு கோப்பை. உலர்ந்த பழமும் கொழுப்பும் அரைக் கோப்பை வீதம். சிறிது மசாலைப் பொடி. வெந்நீரில் கரைத்த சமையல் சோடா ஒரு தேக்கரண்டி. இவற்றைப் பிசைந்து கிண்ணத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்படாமல் நிரப்பி, இரண்டு மணி நேரமாவது வேகவைக்கவேண்டும். முட்டை இல்லை; சர்க்கரையும் இல்லை. கொழுப்புக்கு நெய்யைக் கொண்டால், ரொட்டி அடுப்பு இல்லாத நம் வீடுகளிலும், இட்லிக் கொப்பரை ஒன்றைக்கொண்டே இதனைச் செய்துவிடலாம். டில்லியிலும் நாகபுரியிலும் வாழ்கின்ற நமக்கு, காரட் மலிவதும் டிசம்பர் விடுமுறை வருவதும் ஒரே பருவந்தானே! 1942-இல் அமெரிக்காவிலிருந்து முட்டைப் பொடி வந்த பின்னர்க் கேக்கும் ஓரளவு கேக்காகவே எழும்பிற்று.

பங்கீடு செல்வருக்கும் எளியவருக்கும் ஒன்றாயிருந்ததால் மக்கள் அதனைப் பொறுத்துக்கொண்டனர். யுத்தகாலத்தில் அந்நாட்டுச் சிசு மரணமும் குறைந்தது. இது பாராட்டத் தக்க சாதனைதான். ஆனால், இந்தியர்களாகிய நாம் வரலாற்றின் இந்த ஏட்டினை அதன் மறுபக்கத்தோடு சேர்த்தே படிக்கவேண்டும்.

தோட்ட இயக்கம் கண்ட அதே டார்மன்-ஸ்மித் 1941-இல் பர்மாவின் கவர்னரானார். மறு ஆண்டு பர்மா ஜப்பானியர் வசமாயிற்று. கவர்னர் சிம்லாவை அடைந்து அங்கிருந்து அலுவல் நடத்தினார். பல லட்சம் இந்தியர்கள், அவர்களுள் தமிழர் பெருந்தொகையினர், தாயகம் நோக்கி ஓடினர். அரக்கான் வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் நடந்தவர்களுள் வழியிலேயே மாண்டவர் மிகப் பலர். பர்மா அரிசி வருவது நின்றது. 1942 அக்டோபரில் புயல் வங்கக் கரையைத் தாக்கியது. பகைவர் கைக்குக் கிட்டலாகாது என்று கரையோர மாவட்டங்களின் படகுகளை அரசாங்கமே முன்னர் அப்புறப்படுத்தியிருந்தது. விலை ஏறிற்று. 1943-இல் தொடங்கிய பஞ்சத்திலும் அதனைத் தொடர்ந்த நோயிலும் ஏறக்குறைய முப்பது லட்சம் பேர் மாண்டனர். கல்கத்தா யுத்தத் தொழிற்சாலைகளின் ஊழியருக்குப் பங்கு அரிசி உண்டு. கிராமத்து உழவனுக்கு இல்லை. தானியம் வேண்டும் என்று டில்லி மீண்டும் மீண்டும் கேட்டது. கேட்ட அளவுக்குக் கப்பல் ஒதுக்க லண்டன் யுத்த மந்திரிசபை இணங்கவில்லை. பிரிட்டனில் கேக்கினுள் காரட்டைக் கொண்டுவந்ததும் கப்பல் கணக்கே. வங்காளத்தில் கலத்தை வெறுமையாக்கியதிலும் அந்தக் கணக்குக்குப் பங்கு உண்டு. அங்கே ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு பங்கீட்டுப் புத்தகம் இருந்தது. இங்கே இறந்தவர்களை எண்ணுவதற்கே ஏடில்லை.

சமாதானம் வந்ததும் பிரிட்டனின் தட்டுப்பாடு உடனே தீர்ந்துவிடவில்லை. யுத்தத்தில் இல்லாத ரொட்டிப் பங்கீடு 1946-இல் வந்து இரண்டாண்டு நீடித்தது. சர்க்கரை 1953-இல் விடுபட்டது. 1954 ஜூலை 4-ஆம் நாள் பங்கீடு முற்றிலும் ஒழிந்தது. இல்லத்தரசிகள் முட்டைப் பொடியையும் காரட் கேக்கையும் ஒருசேரக் கைவிட்டனர். பின்னர் அமெரிக்காவில் காரட் கேக் புது மோஸ்தர் பெற்று உலகமெங்கும் பரவியது. இன்று நம் நகரங்களின் பேக்கரிகளில் விற்பனையாவது அந்த அமெரிக்க வகை. அதில் சர்க்கரையும் எண்ணெயும் முட்டையும் தாராளம். 1940-இல் தடைசெய்த இனிப்புப் பூச்சோ விரற்கடைப் பருமன்.